சிலேசியம் தனி மொழியா, போலிஷின் வட்டார வழக்கா?

கேள்வி
எழுதியவர்: வைகறை

வணக்கம் நண்பர்களே. வேலை நிமித்தம் போலந்தின் தெற்கே சிலேசியா என்ற பகுதியில் உள்ள கட்டோவிட்செ நகரத்துக்கு வந்திருக்கிறேன். மாலை வகுப்பில் போலிஷ் படிக்கிறேன். கடையிலும் டிராமிலும் சமாளிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் அணியில் இரண்டு பேர் தங்களுக்குள் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதிகூடப் புரிவதில்லை. பேசுவதற்கு 'மூவிச்' என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இவர்கள் 'கோதச்' என்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு 'த்வோஜெட்ஸ்' என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். இவர்கள் வாயில் வருவது 'பான்ஹோஃப்'.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். "இது சிலேசிய மொழி" என்றார் ஒருவர். வார்சாவிலிருந்து வந்த இன்னொருவர் உடனே, "மொழியெல்லாம் இல்லை, போலிஷின் வட்டார வழக்கு" என்றார். முதலாமவர் முகம் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். மொழியியல் படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? வடக்கே பேசப்படும் கஷூபிய மொழியைப் போலந்துச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறதாம், சிலேசியத்தை ஏற்கவில்லையாம். ஏன் இந்த வித்தியாசம்? ஒரு பெயருக்காக ஏன் இவ்வளவு மனத்தாங்கல்? யாரையும் புண்படுத்தாமல் அந்த மேசையில் உட்கார ஆசைப்படுகிறேன்.

பதில் 1
எழுதியவர்: க்லிவிட்செ மருமகள்

வைகறை, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வாழ்க்கைப்பட்டது க்லிவிட்செயில் ஒரு சிலேசியக் குடும்பத்தில். மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் பிறந்தது பக்கத்து ஊரான ஜாப்ஜெயில். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓடுவது சிலேசியம்தான். அதனால் நான் நடுநிலையோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலேசியம் ஒரு மொழி என்பதே என் கருத்து.

முதலில் மொழியியல். மொழிக்கும் வட்டார வழக்குக்கும் நடுவே கோடு கிழிக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்று கிடையாது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறதா என்று பார்த்தால் போதாதா என்று தோன்றும். போலிஷும் குரோவாசியமும் அடங்கிய ஸ்லாவிய மொழிக்குடும்பத்து நாடுகளில் அந்தச் சோதனை செல்லாது. குரோவாசியாவைப் பாருங்கள். 'என்ன' என்று கேட்க அங்கே ஒரு பக்கத்தில் 'ஷ்தோ' என்பார்கள், இன்னொரு பக்கத்தில் 'கை' என்பார்கள், கடற்கரைப் பக்கம் 'சா' என்பார்கள். அதை வைத்தே மூன்று பெரிய வழக்குகளைப் பிரிக்கிறார்கள். தலைநகர் ஜாக்ரெப் சுற்றுவட்டாரத்தின் 'கை' வழக்கு பல வகையில் பக்கத்து நாட்டு ஸ்லோவேனிய மொழிக்குத்தான் நெருக்கம். இருந்தும் அதைக் குரோவாசிய மொழியின் வழக்கு என்றே வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் குரோவாசியம், செர்பியம், போஸ்னியம், மொந்தெனேக்ரியம் நான்குமே ஒரே 'ஷ்தோ' வழக்கின்மேல் கட்டிய எழுத்து மொழிகள். ஜாக்ரெபில் அச்சான செய்தித்தாளை செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் யாரும் அகராதி இல்லாமல் படிப்பார்கள். ஆனாலும் அவை நான்கு மொழிகள். மொந்தெனேக்ரியம் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியதே 2007இல்தான்.

ஹைன்ஸ் க்லோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1952லேயே இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். சில மொழிகள் விலகலால் மொழி: சுற்றியுள்ள எதோடும் ஒட்டாததால் யாரும் கேள்வி கேட்பதில்லை. சில மொழிகள் உழைப்பால் மொழி: பேசுகிறவர்கள் எழுத்துமுறை வகுத்து, அகராதி தொகுத்து, உரைநடை எழுதி, பாடம் நடத்தி அதை வளர்த்தெடுக்கிறார்கள். இந்த இரண்டாவது வகையில்தான் சிலேசியத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் பௌட்சன், கொட்புஸ் பக்கம் சோர்பியர்கள் இருக்கிறார்கள். அவர்களும் சிறுபான்மை ஸ்லாவியர்கள்தான். ஆட்கள் ரொம்பக் குறைவு. ஆனால் சோர்பியம் ஜெர்மனின் வழக்கா என்று எவரும் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது, அவ்வளவு தூரம். சுற்றிலும் அந்நிய மொழி இருந்தால் உங்கள் பேச்சு மொழியாகத் தெரிகிறது. சுற்றிலும் சொந்த அக்கா மொழி இருந்தால், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவள் சொல்லின் கெட்டுப்போன வடிவமாகக் காதில் விழுகிறது. சிலேசியத்துக்கு நேர்ந்தது இதுதான்.

இப்போது மனத்தாங்கலுக்கு வருகிறேன். என் மாமியார் பள்ளிக்கூடம் போன காலத்தில் வகுப்பில் சிலேசியம் பேசினால் உள்ளங்கையில் ஸ்கேலால் அடி. போருக்கு அப்புறம் 1945இல் இங்கே ஜெர்மன் போல ஒலித்த பெயர்களையே மாற்ற வைத்தார்கள். பேச்சுக்கு எங்கே மரியாதை? இன்றைக்கும் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து போலிஷுக்கு மாறுவார். பேசி முடித்ததும் "யோ ஜெஹ் பிவா..." என்று எங்களிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். 'நான் இருந்தேன்' என்பதற்குப் போலிஷில் வினைமுற்றிலேயே 'பிவாம்' என்று தன்மை விகுதி ஒட்டிக்கொள்ளும். சிலேசியத்தில் அது கழன்று வந்து 'ஜெஹ்' என்று எழுவாய்க்குப் பக்கத்தில் நிற்கும். இதைத் தப்புப் போலிஷ் என்று எப்படிச் சொல்வது? அதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது, என் மாமியார் அதை ஒருநாளும் மீறியதில்லை.

என் பெரிய பையன் மூன்றாம் வகுப்பில் எழுதிய கட்டுரை நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பள்ளி விட்டு வந்து 'நா ப்லாட்சு' விளையாடினோம் என்று எழுதியிருந்தான். சிலேசியத்தில் அதற்கு 'வீட்டு முற்றத்தில்' என்று பொருள். போலிஷில் அதே சொல் ஊர்ச் சதுக்கத்தைக் குறிக்கும். ஆசிரியை சிவப்பு மையால் அடித்து மேலே 'நா போத்வூர்கு' என்று திருத்தியிருந்தார். போலிஷ் வகுப்பில் அது சரியான திருத்தம்தான். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எனக்குக் கேள்வி வேறு. அவன் பாட்டியிடம் கற்ற சொல் சரி என்று சொல்லும் பாடவேளை எது? வடக்கே கார்த்துசியில் ஒரு கஷூபியப் பிள்ளைக்கு வாரம் 3 மணி நேரம் அப்படி ஒரு பாடவேளை இருக்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும், பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்குகிறது. பள்ளி இறுதித் தேர்வில் கஷூபியத்தை ஒரு பாடமாக எழுதலாம். க்லிவிட்செயில் என் பையனுக்கு அது இல்லை. மொழி, வழக்கு என்ற பெயர்ச் சண்டைக்கு அடியில் இருப்பது இந்த 3 மணி நேரம்தான் என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2005 ஜனவரி 6ஆம் தேதிச் சிறுபான்மையினர் சட்டத்தில் 'வட்டார மொழி' என்று ஒரு இடம் உண்டு. அதில் இருக்கும் ஒரே பெயர் கஷூபியம். ஐரோப்பிய மொழிச் சாசனத்தில் உள்ள விளக்கத்தையே இந்தச் சட்டமும் பின்பற்றுகிறது: ஆட்சிமொழியின் வழக்குகளும் குடியேறியவர்களின் மொழிகளும் இதில் சேராது. 'வழக்கு' என்று முத்திரை குத்திவிட்டால் கதவு மூடிவிடும். அதனால்தான் எல்லாரும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். 2024 ஏப்ரல் 26 அன்று சிலேசியத்தையும் சேர்க்கும் திருத்தத்தைக் கீழவையான செய்ம் நிறைவேற்றியது. மேலவையும் ஏற்றது. வீட்டில் அன்று மாமனார் செய்தி முடியும்வரை தொலைக்காட்சியை விட்டு எழுந்திருக்கவில்லை. மே 29இல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆன்ட்ஜெய் தூதா அதைத் தடுத்துவிட்டார். சிலேசியம் போலிஷின் வழக்கு என்பதே அவர் சொன்ன முக்கியக் காரணம். நாட்டைச் சுற்றியுள்ள சூழலில் தேசிய அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பதில் 2
எழுதியவர்: வ்ரோட்ஸ்வாவ் மாணவன்

அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் எல்லாரும் வெறுப்பில் பேசுகிறார்கள் என்று வைகறை நினைத்துவிடக் கூடாது. நான் இங்கே ஸ்லாவிய மொழிகள் படிக்கிறேன். சிலேசியத்தை வழக்கு என்று சொல்லும் அறிஞர்களில் நன்கு தெரிந்தவர் யான் மியோதெக். அவரே தார்னோவ்ஸ்கெ கூரி என்ற சிலேசிய ஊரில் பிறந்தவர், அந்தப் பேச்சை நேசிப்பவர்.

அவர்கள் வாதம் இது. சிலேசியத்தின் ஒலிகள், வேற்றுமை உருபுகள், வினை அமைப்பு எல்லாமே பழைய போலிஷோடு ஒட்டியவை. போலிஷில் எழுதப்பட்ட மிகப் பழைய வாக்கியம் என்று பாடநூலில் வருவது எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? சிலேசியாவின் ஹென்றிகூவ் மடத்தில் 1270 வாக்கில் எழுதிய லத்தீன் நூலுக்குள் இருந்து. திரிகை சுற்றும் மனைவியைப் பார்த்துக் கணவன், "கொடு, நான் அரைக்கிறேன், நீ ஓய்வெடு" என்று சொல்வான். அதாவது போலிஷின் தொட்டிலிலேயே சிலேசியா இருக்கிறது. வைகறையின் கூட்டாளிகள் சொல்லும் 'பான்ஹோஃப்' போன்ற ஜெர்மன் கடன்சொற்கள் நிறைய இருக்கின்றன. கடன்சொல் எத்தனை இருந்தாலும் ஒரு பேச்சு தனி மொழி ஆகிவிடாது.

கஷூபியத்தின் நிலை வேறு. போலிஷில் காகத்துக்கு 'வ்ரோனா' என்றால் கஷூபியத்தில் பழைய வடிவம் 'வார்னா'. இந்த மாதிரி வேறுபாடுகள் ஆயிரம் ஆண்டுப் பழசு. வடக்குக் கஷூபியத்தில் சொல்லுக்குச் சொல் அழுத்தம் இடம் மாறும்; போலிஷில் கடைசிக்கு முந்தைய அசையிலேயே நிற்கும். இவ்வளவு தூரம் சிலேசியத்துக்குக் கிடையாது.

இன்னொன்று, எந்தச் சிலேசியம்? ஓப்போலெ பக்கத்துக் கிராமத்தில் பேசுவதும், ரிப்னிக்கில் பேசுவதும், செக் எல்லையில் சியெஷினில் பேசுவதும் ஒன்றில்லை. பள்ளிக்கு ஒரே எழுத்துமொழியைச் செய்தால், பாட்டி சொல்லை இதுவரை போலிஷ் ஆசிரியை திருத்தினார், இனிச் சிலேசிய ஆசிரியையும் திருத்துவார் என்பது மியோதெக் போன்றவர்களின் பயம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதில் 3
எழுதியவர்: க்லிவிட்செ மருமகள்

தம்பி, நல்ல வாதங்கள். கடன்சொல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 'பான்ஹோஃப்' இருப்பதால் சிலேசியம் மொழி என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஹென்றிகூவ் வாக்கியம் எனக்கும் பிடிக்கும். பெண்டாட்டிக்குக் கை கொடுக்கிற கணவன் வாக்கியம் அது. ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் சிலேசியா போலந்து அரசர்கள் கையை விட்டு பொஹீமியாவுக்கு, அதாவது இன்றைய செக் நாட்டுப் பக்கம், போனது. 1526இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் வசம். 1742இல் பெரும்பகுதி ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம். கட்டோவிட்செ பக்கம் போலந்தோடு திரும்பச் சேர்ந்தது 1922இல். க்லிவிட்செயும் ஓப்போலெயும் 1945 வரை காத்திருந்தன. இன்றைய போலிஷ் எழுத்துமொழி உருவான அத்தனை நூற்றாண்டுகளும் இங்கே இருந்தவர்கள் வேறு அரசுகளின்கீழ் இருந்தார்கள். அந்த எழுத்துமொழியைச் செய்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. வேர் ஒன்று என்பதால் ஒன்றின்கீழ் இன்னொன்று அடங்கியே தீர வேண்டும் என்பதை மறுக்கிறேன்.

எந்தச் சிலேசியம் என்ற கேள்வி கஷூபியர்களுக்கும் இருந்தது. வடக்குக் கஷூபியரும் தெற்குக் கஷூபியரும் பேசுவதில் எவ்வளவு வேறுபாடு என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் உட்கார்ந்து பேசி 1996இல் ஒரே எழுத்துமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். ஸ்லோவேனியாவில் பள்ளத்தாக்குக்கு ஒரு வழக்கு. அங்கே யாரும் அதனால் ஸ்லோவேனியம் மொழியில்லை என்று சொல்வதில்லை. சிலேசியத்துக்கு 2009இல் சியெஷினில் கூடி ஓர் எழுத்துமுறை வகுத்தார்கள். அதிலே ஓகாரத்துக்கே தலைமேல் வேறுவேறு குறியிட்ட நான்கு எழுத்துகள் உண்டு. அதே எழுத்தை ஓப்போலெக்காரர் ஒரு மாதிரியும் கட்டோவிட்செக்காரர் இன்னொரு மாதிரியும் வாசித்துக்கொள்ளலாம். எழுதுவது ஒன்று, வாசிப்பது அவரவர் ஊர் மாதிரி. இதை யோசித்துச் செய்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பாட்டியின் உச்சரிப்பை யாரும் அடிக்காமல் இருக்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

உழைப்பு என்று சொன்னேனே, அது நடந்துகொண்டே இருக்கிறது. 2007இல் உலக மொழிக் குறியீட்டுப் பட்டியலில் சிலேசியத்துக்கு இடம் கிடைத்தது. 2017இல் புதிய ஏற்பாடு சிலேசியத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் ராட்ஜியோன்கூவ் நகர மேயர் கப்ரியேல் தோபோர். எங்கள் மாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதில் ஒரு பக்கம் சத்தமாகப் படித்தார். குறியிட்ட எழுத்துகளில் முதலில் தடுமாறினார். நாலாவது வரியிலிருந்து கடகடவென்று போனார். எழுபது வயதுக்கு மேல் தன் பேச்சை முதல்முறையாக அச்சில் வாசிக்கிறவரைப் பார்த்துவிட்டு 'இது மொழியா' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அறிஞர்களும் ஒரே பக்கம் இல்லை. சிலேசியப் பல்கலைக்கழகத்தின் யொலாந்தா தம்போர் இதைத் தரப்படுத்த வேண்டும் என்று நெடுங்காலமாக வாதிட்டுவருபவர். படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, பேசுகிறவர்கள் தங்கள் பேச்சை என்னவென்று சொல்கிறார்கள் என்பதற்கும் எடை கொடுக்கத்தானே வேண்டும்? 2011 கணக்கெடுப்பில் வீட்டில் சிலேசியம் பேசுவதாகச் சொன்னவர்கள் 5 லட்சத்து 29 ஆயிரம் பேர். 2021இல் அது குறைந்தும் 4.5 லட்சத்துக்கு மேல்.

பதில் 4
எழுதியவர்: பால்டிக் கரை

கஷூபியத்தின் பெயர் அடிக்கடி வருவதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். க்தினியாவில் இருக்கிறேன், என் மனைவி கஷூபியர்.

மாணவத் தம்பி, கஷூபியம் மொழி என்பது இப்போது உங்களுக்கு எளிதாகத் தெரிகிறது. இங்கே அப்படி இருக்கவில்லை. ஸ்டெஃபான் ராமூவ்த் 1893இல் அகராதி வெளியிட்டபோது தலைப்பிலேயே கஷூபிய 'மொழி' என்று போட்டார். அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பெர்னார்த் சிக்தா என்ற பாதிரியார் 1967 முதல் 1976 வரை 7 தொகுதிகளில் அற்புதமான அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தலைப்பில் இருப்பதோ கஷூபிய 'வழக்குகள்'. 2005இல் சட்டம் மறுபடியும் 'மொழி' என்றது. இந்த நூறு சொச்சம் ஆண்டுகளில் 'வார்னா'வின் இலக்கணம் மாறவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஆயிரம் ஆண்டுத் தூரம் 1970இலும் அங்கேயேதான் இருந்தது. அப்போதும் பெரும்பாலான போலந்து அறிஞர்கள் வழக்கு என்றே எழுதினார்கள்.

அதே சமயம் க்லிவிட்செ அக்காவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கீகாரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 2011இல் 1 லட்சத்து 8 ஆயிரம் பேர் வீட்டில் கஷூபியம் பேசுவதாகச் சொன்னார்கள். 2021இல் 90 ஆயிரத்துக்கும் குறைவு. இருமொழிப் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன, அவ்வப்போது யாராவது கஷூபியப் பெயரின் மேல் பெயின்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். ஏறக்குறைய 20 ஆயிரம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். பாடம் முடிந்து மணி அடித்ததும் தாழ்வாரத்தில் போலிஷ்தான் கேட்கிறது. என் மகளுக்குக் கஷூபியத்தில் கவிதை ஒப்பிக்கத் தெரியும். பாட்டியிடம் சண்டை போடத் தெரியாது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் சிலேசியத்தில் சண்டை போடுகிறார்கள் என்றால், எங்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

பதில் 5
எழுதியவர்: வைகறை

மூவருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கிறது என்று நினைக்கவில்லை. எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. மேசையில் வார்சாக்காரர் கடைசியில் சொன்னது: "இன்று மொழி என்பார்கள், நாளை தனி இனம் என்பார்கள், அப்புறம் தனி நாடு என்பார்கள்." இந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டா? திங்கட்கிழமை அவர்களோடு நான் எப்படிப் பேசுவது?

பதில் 6
எழுதியவர்: க்லிவிட்செ மருமகள்

பால்டிக் கரை அண்ணா, நீங்கள் சொன்னது உறைக்கிறது. எங்கள் வீட்டில் சின்னவள் அண்ணனைத் திட்டுவது சிலேசியத்தில்தான், அது உண்மை. ஆனால் பள்ளி நண்பர்கள் வந்துவிட்டால் இருவரும் உடனே போலிஷுக்குப் போய்விடுகிறார்கள். சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அதை நான்தான் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாடவேளையைக் கேட்பதை விடமாட்டேன். வெளியே மதிப்பில்லாத பேச்சைப் பிள்ளைகள் நண்பர்கள் முன்னால் எடுப்பதில்லை.

வைகறை, இனம் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு நீதிமன்ற வழக்கு இருக்கிறது. சிலேசிய இனத்தவர் சங்கம் என்ற பெயரில் பதிவு கேட்டபோது போலந்து நீதிமன்றங்கள் மறுத்தன. அது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2004இல் அங்கேயும் மறுப்பு சரி என்றே தீர்ப்பு வந்தது. காரணம், தேசிய இனச் சிறுபான்மை அமைப்புகளுக்குத் நாடாளுமன்றத்தில் இடம் பெறக் கட்சிகள் தேர்தலில் எட்ட வேண்டிய 5 சதவீத வாக்கு வரம்பிலிருந்து விலக்கு உண்டு. அந்தப் பெயரில் பதிவானால் அந்தச் சலுகை கேட்க வழி பிறக்கும் என்பது அரசின் வாதம். இது அரசியல் கேள்வி, நியாயமாக வாதாடக்கூடியது. ஆனால் 2005 சட்டத்தில் வட்டார மொழி என்ற பிரிவு இதற்கு வெளியே இருக்கிறது. கஷூபியர்கள் அதன்கீழ் தேசிய இனச் சிறுபான்மையாக ஆகவில்லை, தேர்தல் விலக்கும் பெறவில்லை. 3 மணி நேரப் பாடம், அந்த மொழிக்காரர்கள் 20 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ள ஊராட்சியில் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிற உரிமை, ஊர்ப்பெயர்ப் பலகை, அரசும் சிறுபான்மையினரும் சேர்ந்த குழுவில் இரண்டு இடம். சிலேசியத்துக்குக் கேட்டதும் இவ்வளவுதான்.

பயப்படுகிறவர்களுக்கு 2011 கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. அந்த முறை ஒருவர் இரண்டு அடையாளங்களைச் சொல்லலாம் என்று அனுமதித்தார்கள். சிலேசியர் என்று பதிந்த 8 லட்சத்து 46 ஆயிரம் பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் போலந்தியர் என்றும் சேர்த்தே பதிந்தார்கள். என் மாமனாரும் அவர்களில் ஒருவர். போலந்து கால்பந்து ஆடினால் எங்கள் தெருவிலேயே அதிகம் கத்துவது அவர்தான். அதே ஆண்டு ஒரு பெரிய கட்சியின் அறிக்கை, சிலேசியர் என்று சொல்லிக்கொள்வதை மறைமுகமான ஜெர்மன் சார்பு என்று எழுதியது. சுரங்கத்தில் முழு வாழ்நாளையும் கழித்த மனிதரைப் பார்த்துச் சொல்லும் சொல்லா அது? அவர் இன்னும் அதை மறக்கவில்லை. உங்கள் நண்பர் முகம் ஏன் சிவந்தது என்று கேட்டீர்களே, இந்த மாதிரிப் பல சொற்கள் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

திங்கட்கிழமைக்கு வருவோம். மொழியா வழக்கா என்று மறுபடியும் கேட்காதீர்கள். வீட்டில் என்ன பேசுவீர்கள், உங்கள் பாட்டி எந்த ஊர் என்று கேளுங்கள். ரிப்னிக் என்றால் ஒரு கதை வரும், ஓப்போலெ என்றால் இன்னொரு கதை வரும். வார்சா நண்பரையும் விட்டுவிடாதீர்கள். பலருக்கு இந்த வரலாறு பள்ளியில் வந்ததே இல்லை.

நீங்கள் போலிஷ் வகுப்பைத் தொடருங்கள். நீண்டகால வசிப்புரிமைக்கு பி1 நிலைப் போலிஷ் சான்றிதழ் கேட்பார்கள், அதற்குச் சிலேசியம் உதவாது. தேர்வில் 'ஜெஹ்' போட்டு எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போய்விடும். சிலேசியத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எழுதிப் பழக ஆசையிருந்தால் சொல்லுங்கள், 2009 எழுத்துமுறையில் என் பையன் எழுதிவைத்திருக்கும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.